மண்டபத்துக்குக் கருங்கல்லா, உருக்காலைக் கசடா?

போன மாதக் கூட்டத்துக்கு எங்கள் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் தம்பி ஒருவர் 18 லிட்டர் பெயிண்ட் வாளி நிறையக் கறுப்புக் கல்லைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். “அக்கா, பிறை உருக்காலையிலேருந்து வருது, இரும்பு உருக்கும்போது மிஞ்சுற கல்லு, கருங்கல்லைவிடக் கெட்டி, டன்னுக்குக் கால்வாசி விலை குறைச்சல்னு லோரிக்காரர் சொல்றாரு. மண்டபம், காடி நிறுத்துற இடம், மேடு தூக்குறது எல்லாத்துக்கும் இதையே போட்டுட்டா என்ன?” என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் 19 வருடம் ஒரு ரெடிமிக்ஸ் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் கட்டி வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்த்தவள். ஊரில் கல், சிமெண்டு என்று எந்தப் பேச்சு வந்தாலும் அது என்னிடம்தான் வந்து நிற்கும். அன்றைக்கு வாயால் சொன்னதை இப்போது ஒழுங்காக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதே வாளி பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கும் போயிருக்கிறது என்று கேள்வி.

எங்கள் ஊர் மலேசியாவில், பினாங்கின் சுங்கை பாக்காப் பக்கம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த நிலம், பெரும்பாலும் தாழ்வு, களிமண், பெருமழை பெய்தால் கோயில் வாசலில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். அதனால் இந்த முறை நான்கு வேலை சேர்ந்து வந்திருக்கிறது. 40-க்கு 60 அடி அன்னதான மண்டபம், அதில் சமையல்கட்டுக்கு மேலே ஒரு மாடித் தளம். மண்டபம் எழும்பும் இடத்தை இரண்டடி உயர்த்த வேண்டும். காடி நிறுத்த முன்னும் பின்னும் இடம். அப்புறம் பெரிய வாய்க்கால் ஓரமாக ஒரு தடுப்புச் சுவர். இந்த நான்கையும் ஒன்றாகக் கட்டி “எந்தக் கல் நல்ல கல்” என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. வேலைக்கு வேலை பதில் மாறும்.

முதலில் இந்தக் கறுப்புக் கல் என்ன என்று பார்ப்போம். மின்வில் உலையில், அதாவது மின்பொறியின் சூட்டில் உருக்கும் உலையில், பழைய இரும்பைப் போட்டு 1,600 பாகை செல்சியஸ் அளவில் உருக்கும்போது, அதில் கலந்திருக்கும் சிலிக்கா, பாஸ்பரஸ் போன்ற வேண்டாத சரக்கைப் பிடித்து இழுப்பதற்காகச் சுட்ட சுண்ணாம்பையும் டோலமைட்டையும் போடுகிறார்கள். அவை அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு மேலே மிதக்கும். அதை வடித்துக் கொட்டி, ஆறவிட்டு, உடைத்து, காந்தம் வைத்து இரும்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் இந்தக் கல், கசடு என்பது இதைத்தான். ஒரு டன் எஃகுக்குச் சுமார் 100 முதல் 200 கிலோ வரை இது விழும், ஆகவே ஆலைக்குள் மலையாகக் குவியும். நம் பெரியவர்கள் இதைக் கிட்டம் என்றார்கள், கொல்லன் உலையில் கிடைக்கும் இரும்புக் கிட்டம். வைத்தியத்தில் மண்டூரம் என்ற மருந்து செய்ய எடுக்கும் கிட்டம் நூறு வருடம் பழையதாக இருந்தால் உத்தமம், எண்பது வருடம் என்றால் நடுத்தரம், அறுபது என்றால் கடைசி என்று கணக்கு வைத்திருந்தார்கள். கொல்லன் உலைக் கிட்டமும் இன்றைய ஆலைக் கசடும் சரக்கில் வேறு வேறுதான். ஆனாலும் இந்தக் கல்லை வாங்க வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் வயதைப் பற்றியதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். “கடையில கசடு கலந்த சிமெண்டே விக்கிறாங்களே, அது நல்லாத்தானே இருக்கு” என்று பொருளாளர் அண்ணன் சொன்னார். அது வேறு. இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையில் வரும் கசட்டைத் தண்ணீர் பீய்ச்சித் திடீரென்று குளிரவைத்து, கண்ணாடி மாதிரி ஆன மணலை மாவாக அரைத்துச் சிமெண்டுக்குப் பதிலாகக் கலப்பது அது. அருமையான சரக்கு, நானே வருடக்கணக்கில் அதைக் கலந்து கட்டி உடைத்திருக்கிறேன். நம் மேசைக்கு வந்தது எஃகு உலைக் கசடு, கல்லாகவே போடுவதற்கு. பெயர் ஒன்று என்பதற்காக அதன் நல்ல பேரை இதற்குக் கொடுக்க முடியாது.

எஃகு உலைக் கசட்டுக்குள் எல்லாச் சுண்ணாம்பும் அழுக்கோடு சேர்ந்துவிடுவதில்லை. கொஞ்சம் நீறாத சுண்ணாம்பாகவே உள்ளே மாட்டிக்கொள்ளும். வீட்டில் சுண்ணாம்புக் கல்லை நீற்றிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், தண்ணீர் பட்டதும் சூடாகிப் பூத்து உதிர்ந்து பருத்துப்போகும். கணக்குப்படி அதன் பருமன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. டோலமைட்டிலிருந்து வரும் மக்னீசியம் ஆக்சைடு, அதாவது மக்னீசியா, இன்னும் மோசம், இரண்டு மடங்குக்கும் மேலே பருக்கும், அதுவும் உடனே பருக்காது, வருடக்கணக்கில் மெதுவாகப் பருக்கும். வேலை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு குத்தகையாளர் போன பிறகுதான் அது வேலையைக் காட்டும்.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா வீட்டின் முன் போர்ச் தாழ்வாக இருந்தது. ஒரு லோரிக்காரரிடம் மலிவாகக் கிடைத்தது என்று புதுக் கசட்டை ஒன்றரை அடி நிரப்பி, மேலே பி.ஆர்.சி. கம்பி வலை விரித்து, 4 அங்குலக் கான்கிரீட் போட்டு டைல் ஒட்டினார்கள். நான் அப்போது வேலைக்குச் சேராத பிள்ளை. முதல் தீபாவளிக்கு எல்லாம் அழகாக இருந்தது. இரண்டாம் தீபாவளிக்குக் கழுவிவிடும்போது தண்ணீர் வாசல் பக்கம் ஓடாமல் சுவர்ப் பக்கம் திரும்பி ஓடியது. டைலைத் தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம். மூன்றாம் வருடம் கேட் இழுபட்டு நின்றது, நடுவில் இரண்டு விரற்கடை மேடு, சுவரோரத்தில் நீளமாகப் பிளவு. உடைத்துப் பார்த்தபோது கறுப்புக் கல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு போலக் குழைந்துகிடந்ததை விரலால் தொட்டுப் பார்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அப்பா மூன்று மாதச் சம்பளத்தை அந்தப் போர்ச்சில் இரண்டு முறை போட்டார்.

ஆகவே இந்த நான்கு வேலையில், மேடு தூக்க இதைப் போடலாமா என்றால் கூடாது. இதில் எனக்கு ஒரு சொட்டுச் சந்தேகமும் இல்லை. பலர் கான்கிரீட்டுக்குள் போட்டால்தான் ஆபத்து, அடியில் நிரப்பினால் என்ன என்று நினைக்கிறார்கள். அடியில் நிரப்புவதுதான் ஆக மோசம். கான்கிரீட்டுக்குள் முக்கால் அங்குலக் கல் ஒன்று பருத்தால் மேலே ஒரு சின்னப் பள்ளம் தெறிக்கும், கூம்பு வடிவில், அடியில் வெள்ளைப் புள்ளியோடு. பார்க்க அசிங்கம், கட்டடம் விழாது. தரைக்கு அடியில் இரண்டடி உயரத்துக்கு நிரப்பி நான்கு பக்கமும் சுவரால் அடைத்துவிட்டால், பருப்பதற்கு மேலே மட்டும்தான் வழி, அந்த வழியில் நம் தரை இருக்கிறது. களிமண் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். மண்டபத்துக்கு அடியில் செம்மண்ணைப் படிப்படியாகக் கொட்டி உருளை ஓட்டி இறுக்கி, மேலே குவாரியின் கிரஷர் ரன், அதாவது பொடியும் ஜல்லியும் கலந்த உடைகல், ஓர் அடுக்கு. அது போதும்.

சரி, கான்கிரீட்டுக்குள் கல்லாகப் போடுவது? இங்கே கசட்டுக்கு நியாயம் செய்ய வேண்டும். நீற வேண்டியதை முன்கூட்டியே நீறவிட்டுப் பழுக்கவைத்த மின்வில் உலைக் கசடு நல்ல கல். கோணல் மாணலாக, சொரசொரப்பாக, சிறு துளைகளோடு இருப்பதால் சிமெண்டுப் பசை அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். கட்டி உடைத்துப் பார்த்தால் அமுக்கு வலிமை கருங்கல் கலவைக்குச் சமமாக, சில சமயம் கொஞ்சம் மேலாகவே வரும். தேய்மானமும் தாங்கும், அதனால்தான் உலகத்தில் பல இடங்களில் தார்ச்சாலையின் மேல் அடுக்குக்கு இதைத் தேடிப் போடுகிறார்கள். ஸ்பெயினில் பில்பாவோ பக்கம் குபிக் என்ற ஆய்வுக் கட்டடத்தின் அடித்தளத்தையே இந்தக் கசட்டுக் கான்கிரீட்டில் வார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் மின்வில் உலையின் ஆக்சிஜனேற்றக் கசட்டை, அதாவது இந்தக் கறுப்புக் கசட்டை, கான்கிரீட் கல்லாக விற்க 2003-லேயே தனித் தரவிதி வந்துவிட்டது, ஜே.ஐ.எஸ். ஏ 5011-இன் நான்காம் பகுதி. இந்தியா கையை இறுக்கியே வைத்திருக்கிறது. ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு, கம்பி இல்லாத கான்கிரீட்டில் பெருங்கல்லில், அதாவது ஜல்லியில், 25 விழுக்காடு வரை எஃகுக் கசட்டை விடுகிறது, கம்பி போட்ட கான்கிரீட்டில் விடுவதே இல்லை, அடியில் போடும் சிமெண்டு குறைந்த மெலிந்த கலவைக்கு மட்டும் முழுக்கப் போடலாம் என்கிறது. கசட்டாலேயே சாலை போட்டார்கள் என்று தம்பி வாட்சப்பில் அனுப்பிய குஜராத்தின் சூரத் வீடியோவைப் பார்த்தேன். உண்மைதான், 2022-ல் ஹஜிரா துறைமுகப் பக்கம் ஆறு வழிச் சாலையை ஒரு கிலோமீட்டருக்கு மேல் முழுக்கக் கசட்டுக் கல்லாலேயே போட்டார்கள். ஆனால் அது சாலை, மண்டபம் இல்லை. மத்திய சாலை ஆய்வு நிறுவனம் பக்கத்தில் நின்று, பக்குவப்படுத்திய கசட்டை எடுத்துப் போட்டது. லோரியில் வந்ததை அப்படியே கொட்டியதில்லை.

பக்குவம் என்றால் என்ன? உடைத்த கசட்டைத் திறந்தவெளியில் பரப்பி, தண்ணீர் தெளித்து, மாதக்கணக்கில் விட்டு, நீற வேண்டியதை வெளியிலேயே நீறவிடுவது. நம் ஊர் வெயிலும் மழையும் இதற்கு ஏற்றவை. ஆனால் 20 அடிக் குவியலாகக் கொட்டி ஆறு மாதம் கழித்து “பழசு” என்று விற்றால், மேலே இருந்தது பழசு, நடுவில் இருந்தது இன்னும் பச்சை. பெக்கோ என்ற மண்வாரி இயந்திரம் வைத்துப் புரட்டிப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். இன்னொன்று, இதைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு. மின்வில் உலைக்கு அடுத்தபடியாகக் கொப்பரை உலையில் எஃகைத் தூய்மைப்படுத்துவார்கள், அங்கே வரும் கசடு வெளிர் நிறம். ஆறும்போதே தானாக உடைந்து மாவாகிப்போகும், சுண்ணாம்பும் மக்னீசியாவும் அதில் அதிகம். அதைக் கறுப்புக் கசட்டோடு ஒரே குழியில் கொட்டியிருந்தால் எத்தனை மாதம் பரப்பினாலும் நம்ப மாட்டேன். ஜப்பானியத் தரவிதி ஆக்சிஜனேற்றக் கசட்டை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

தம்பி கொண்டுவந்த வாளியை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பழைய செய்தித்தாள் விரித்துக் கொட்டிப் பொறுக்கியதில் பெரும்பாலானவை இரும்புக் கறுப்பு, நல்ல கனம், உடைத்த இடத்தில் மினுமினுப்பு. பதினைந்து இருபது கற்களில் சோற்றுப் பருக்கை அளவு வெள்ளைப் புள்ளி. குளிர்பெட்டிக் கதவில் இருக்கும் காந்தத்தை வைத்தால் ஏறக்குறைய எல்லாமே லேசாக இழுக்கும், அது இயல்பு. ஆனால் நாலைந்து கல் டப்பென்று வந்து ஒட்டிக்கொண்டது. அவற்றுக்குள் உலோக இரும்பே இருக்கிறது, அது கான்கிரீட் முகப்பில் வந்தால் மழைக்காலத்தில் துருக் கண்ணீர் வடியும், வெள்ளைச் சுவரில் பாக்கு எச்சில் மாதிரி. வெள்ளைப் புள்ளிக் கற்களைச் சட்டியில் போட்டு இரண்டு மணிநேரம் கொதிக்கவைத்தேன். மூன்று கல்லில் புள்ளி இருந்த இடம் மாவாகக் கரைந்து பள்ளமாகியிருந்தது, ஒன்று இரண்டாகவே பிளந்துவிட்டது. இது முறையான சோதனை இல்லை, ஆனாலும் இந்தச் சரக்கு இன்னும் பச்சை என்று எனக்குத் தெரிந்துகொள்ள இது போதும். முறையான சோதனை என்றால், அமெரிக்கத் தரவிதி ஏ.எஸ்.டி.எம். டி 4792-இன்படி இறுக்கிய கல்லை 70 பாகை செல்சியஸ் வெந்நீரில் குறைந்தது 7 நாள் அமிழ்த்தி எவ்வளவு உப்புகிறது என்று அளப்பது. சாலை அடுக்குக்குப் போடும் கல் என்றால் அரை விழுக்காட்டுக்கு மேல் உப்பக் கூடாது என்பார்கள். ஐரோப்பிய முறையில் நீராவி விட்டுப் பார்ப்பார்கள், மக்னீசியா 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 24 மணிநேரம், அதற்கு மேலே என்றால் 168 மணிநேரம். லோரிக்காரர் இந்த இரண்டில் எதன் தாளையாவது காட்ட வேண்டும், அதுவும் நமக்கு வரும் குவியலுக்கு எடுத்த தாளாக இருக்க வேண்டும்.

அடுத்தது எடை, இங்கேதான் காசு ஒளிந்திருக்கிறது. கோயிலில் அரிசி நிறுக்கும் தராசில் அதே வாளியை வைத்துப் பார்த்தேன். கருங்கல் 26 கிலோ, கசடு 33 கிலோ. கருங்கல்லின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 2.65 அளவில், மின்வில் உலைக் கசடு 3.2-இலிருந்து 3.8 வரை போகும். கான்கிரீட்டில் கல் இடத்தை அடைக்கத்தான் போடுகிறோம், எடைக்காகப் போடுவதில்லை. ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்குக் கருங்கல் சுமார் 1,050 கிலோ போகிறது என்றால் அதே இடத்தை அடைக்கக் கசடு ஏறக்குறைய 1,350 கிலோ வேண்டும். லோரிக்காரரோ டன் கணக்கில் விற்கிறார். கருங்கல் டன் 40 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கனமீட்டருக்கு 42 வெள்ளி ஆகும். கால்வாசி குறைத்துக் கசடு 30 வெள்ளி என்றால் 40 வெள்ளி 50 காசு. குறைந்தது ஒன்றரை வெள்ளிதான். காடி நிறுத்தும் இடம் முழுக்க 180 கனமீட்டர் போட்டாலும் மிச்சம் 270 வெள்ளி, ஒரு சோதனைத் தாளுக்கே அது போதுமோ போதாதோ. டன்னுக்கு 31 வெள்ளிக்குக் கீழே வந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கிறது, அதுவும் ஏற்றுக்கூலி தனியாக இல்லாமல். பொருளாளர் அண்ணன் இந்தக் கணக்கைத் தன் நோட்டில் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, “கன அளவுக்கு வெலை சொல்லச் சொல்லுவோம்” என்றார். அதுதான் சரி. கசடு வாங்கும் யாரும் டன் விலையை ஒப்பிடவே கூடாது.

எடை கட்டடத்திலும் தெரியும். சாதாரணக் கான்கிரீட் கனமீட்டருக்கு 2,400 கிலோ, பெருங்கல்லை முழுக்கக் கசடாக மாற்றினால் 2,700 பக்கம் போகும். 6 அங்குலத் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 45 கிலோ கூடுதல். தரையில் படுத்திருக்கும் கான்கிரீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சமையல்கட்டு மேல் தொங்கும் தளத்துக்குப் பொருட்டு, தூணும் உத்திரமும் அந்தக் கூடுதலைத் தினமும் தூக்க வேண்டும், வரைபடம் போட்ட பொறியியலாளர் கருங்கல் எடையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். வாய்க்கால் ஓரத் தடுப்புச் சுவரில் அதே எடை நமக்கு உதவும். மண் தள்ளும்போது தன் கனத்தாலேயே நின்று தாங்க வேண்டிய சுவர் அது.

வார்க்கும்போது என்ன ஆகும்? கசடு தண்ணீர் குடிக்கும். கருங்கல் தன் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும், கசடு 1 முதல் 4 விழுக்காடு வரை. காய்ந்த கசட்டை அப்படியே கலந்தால் கலவை அரைமணியில் இறுகிவிடும், வேலையாட்கள் குழாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார்கள், வலிமை அங்கேயே போய்விடும். முந்தின நாளே ஊறவைத்து மேல் ஈரம் மட்டும் உலர்ந்த நிலையில் போட வேண்டும். கனமான கல் என்பதால் கலவை தளர்வாக இருந்தால் கல் அடியில் போய் உட்காரும், பம்பு குழாயும் திணறும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்த ரெடிமிக்ஸ் ஆலையும் நமக்காக ஒரு கல் தொட்டியைக் காலிசெய்து கசடு நிரப்பாது. 180 கனமீட்டர் அவர்களுக்கு ஒரு நாள் வேலை. அப்படியே ஒத்துக்கொண்டாலும் 8 கனமீட்டர் எடுக்கும் லோரி 7-தான் எடுக்கும், நடைக்கூலி ஏறும். ஆகவே நம் மாதிரி இடத்தில் கசட்டுக் கான்கிரீட் என்றால் நடைமுறையில் இடத்திலேயே சின்ன இயந்திரத்தில் கலப்பதுதான். அதற்கு ஆள் கவனமாக இருக்க வேண்டும்.

கருங்கல்லைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுவே அதன் சிறப்பு. குவாரிக் கல் எப்போது கேட்டாலும் ஒரே மாதிரி வரும், உள்ளே எதுவும் பருக்காது, எந்தக் குத்தகையாளருக்கும் கை பழகியது. ஆனால் அதற்கும் விலை இருக்கிறது. மலையை வெடித்து எடுக்கிறோம், ஒரு முறை போன மலை திரும்பி வராது. குவாரிச் சாலையோரம் குடியிருப்பவர்கள் துணி காயப்போடக்கூட முடியாமல் தூசியில் இருப்பதைப் பார்த்தவள் நான். அதனால்தான் கசடு வேண்டாம் என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. ஆலைக்குள் மலையாகக் கிடப்பதை எடுத்துப் போட்டால், இங்கே ஒரு மலை கொஞ்சம் மெதுவாகக் கரையும். சுற்றுச்சூழலுக்கு ரொம்ப நல்லது என்று லோரிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கான்கிரீட்டால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு சிமெண்டிலிருந்து வருவது, கல்லை மாற்றினால் அது பெரிதாகக் குறையாது. அந்த அக்கறை இருந்தால் அரைத்த ஊதுலைக் கசடு கலந்த சிமெண்டைக் கேட்டு வாங்கலாம், அதை மண்டபத்துக்கே தைரியமாகப் போடலாம்.

வேறு இரண்டும் பேச்சில் வந்தன. இடித்த லயத்து வீடுகளின் பழைய கான்கிரீட்டை உடைத்துப் போடுவது, பின்பக்கப் பாதைக்கு நல்லது, மண்டபத்துக்கு வேண்டாம், ஓடு, பூச்சு, மரத்துண்டு எல்லாம் கலந்திருக்கும். செம்பனைக் கொட்டை ஓடு, நம் மில்லிலேயே கிடைப்பது, லேசான கான்கிரீட்டுக்கு அதைக் கல்லாகப் போட்டு மலேசியப் பல்கலைக்கழகங்களில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. தோட்டத்துப் பாதையில் ஓட்டைக் கொட்டிய காலத்தில் யாரும் கேட்கவில்லை, இப்போது ஜப்பான் மின்நிலையங்களுக்கு எரிபொருளாகக் கப்பல் ஏறுகிறது, மலிவு என்ற பேச்சு முடிந்துவிட்டது. தவிர அது தண்ணீரை 20 விழுக்காடு அளவுக்கு உறிஞ்சும் சரக்கு, பழகாத கையில் கொடுக்க முடியாது.

சட்டத்தைப் பற்றித் தலைவர் கேட்டார், கேட்க வேண்டியதுதான். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (அபாயக் கழிவு) விதிகளில் உலோகக் கசடு, சாம்பல், தூசிக்கெல்லாம் எஸ்.டபிள்யூ. 104 என்று ஓர் எண் இருக்கிறது, அதிலேயே இரும்பு எஃகு ஆலைக் கசடு நீங்கலாக என்று எழுதியிருக்கிறது. ஆகவே இதை வைத்திருந்தாலே குற்றம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்த விலக்கு கசட்டுக்குத்தான், உலைப் புகையை வடிகட்டிப் பிடிக்கும் தூசிக்கு இல்லை. கல்லோடு பழுப்புத் தூள் மூட்டை மூட்டையாக வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். குவித்துவைக்கும் இடமும் முக்கியம். மழை கசட்டுக் குவியலில் ஊறி வரும் தண்ணீர் கடும் காரம், வெள்ளையாகப் படியும், மீன் சாகும், புல் கருகும். நம் வாய்க்கால் நெல்வயல் பக்கம் போகிறது. அதற்குப் பத்தடியில் குவியல் கொட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி முடிவு. மண்டபத் தரை, தூண், உத்திரம், மாடித் தளம் எல்லாம் கருங்கல், ரெடிமிக்ஸ். அடியில் நிரப்ப செம்மண்ணும் கிரஷர் ரன்னும். இந்த இரண்டிலும் கசட்டு விலை சும்மா என்றாலும் என் பதில் மாறாது. முன்பக்கத்துக் காடி இடத்துக்கும் கருங்கல் கான்கிரீட்தான், காரணம் காசு இல்லை. பங்குனி உத்திரத்துக்குப் பால்குடமும் காவடியும் அந்த வாசல் வழியாகத்தான் வெறுங்காலோடு வருகின்றன. மேலே ஒரு கல் பருத்துத் தெறித்தாலும் அந்தப் பள்ளத்தின் விளிம்பு பாதத்தைக் கிழிக்கும்.

பின்பக்கம், செம்பனை லோரிகள் திரும்பும் இடமும் திருவிழாக் கடைக்காரர்களின் வேன்கள் நிற்கும் இடமும், கசட்டுக்கு ஏற்றது. கான்கிரீட்டே வேண்டாம், பழுத்த கசட்டைப் பரப்பி உருளை ஓட்டினால் நாளாக நாளாகத் தானே இறுகும், அங்கங்கே ஓர் அங்குலம் உப்பினாலும் உடைய அங்கே எதுவும் இல்லை, ஒரு முறை பெக்கோ விட்டுச் சீவினால் தீர்ந்தது. தடுப்புச் சுவருக்குக் கம்பி இல்லாத கனச் சுவர் என்பதால் கல்லில் கால்வாசி கசடு போடலாம் என்பது என் எண்ணம், சோதனைத் தாள் வந்தால் மட்டும். பொருளாளர் அண்ணனுக்கு இதில் இன்னும் மனம் ஒப்பவில்லை, இத்தனை கேள்விக்குப் பிறகு சுவரையும் கருங்கல்லிலேயே முடித்துவிடலாமே என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சுவருக்கு வேண்டிய கல் மூன்று லோரிக்கு மேல் இல்லை.

லோரிக்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். எந்த உலைக் கசடு, கொப்பரைக் கசடு தனியாகக் கொட்டப்பட்டதா, எத்தனை மாதம் பரப்பிக் கிடந்தது, யார் புரட்டியது, வெந்நீர்ச் சோதனையோ நீராவிச் சோதனையோ எடுத்த தாள் எங்கே, கன அளவுக்கு என்ன விலை. இவ்வளவையும் தம்பியே கேட்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிளந்த அந்தக் கல்லையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், கேள்விக்குப் பதில் வரும்வரை அது மேசைமேல் இருக்கட்டும் என்று.